சரக்கைச் சுட்டது எது? கப்பலின் எண்ணெய்த் தொட்டியும் தானியத்தின் உள்வெப்பமும்

நெடுந்தூரக் கடற்பயணம் முடிந்து துறைமுகத்தை அடைந்த கப்பலின் சரக்கறையைத் திறக்கும்போது, உள்ளே இருக்கும் தானியத்தின் ஒரு பகுதி நிறம் மாறியும், கட்டி பிடித்தும், காந்தல் மணம் வீசியும் காணப்படுவதுண்டு. சரக்குக்கு உரியவர் கப்பலைக் குறை கூறுகிறார். எரியெண்ணெய்த் தொட்டியை மாலுமிகள் சூடாக்கினர். அந்தச் சூடு இரும்புத் தகட்டின் வழியே ஏறிச் சரக்கைக் கெடுத்தது என்பது அவர் வாதம். கப்பலுக்கு உரியவரோ சரக்கையே குறை கூறுகிறார். ஈரம் மிகுந்த தானியத்தை ஏற்றியதால் அது தானாகவே புழுங்கிக் கெட்டது என்பது இவர் மறுமொழி. இரண்டும் நடக்கக்கூடியவையே. ஆகவே, எவர் உரக்கப் பேசுகிறார் என்பதைக்கொண்டு இவ்வழக்கைத் தீர்க்க இயலாது. சரக்கின் மீதே பதிந்துள்ள சான்றைப் படித்தறிய வேண்டும். அதனைப் படிக்கும் முறையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கப்பல் விவகாரத்துக்கும் களப் பணியாளருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். திருவனந்தபுரத்தைச் சார்ந்த கரமனையில் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைந்த பண்ணைமுறை ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. கரமனைக்குத் தெற்கே, நகரின் கடற்கரையில், 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகம் இருக்கின்றது. வயலும் துறைமுகமும் இவ்வளவு அருகருகே அமைந்த இடத்தில், வயலில் தொடங்கும் ஒரு பிழை கடலில் எவ்வாறு முடிகின்றது என்பதை எண்ணிப் பார்ப்பது பொருத்தமானதே. இடவப்பாதி மழை பெய்யும் நாள்களில் சரிவர உலராத கொப்பரையைச் சாக்கில் கட்டி அடுக்கினால், சில நாளில் சாக்கின் நடுவே கையை விடும்போது சூடு தெரியும். ஈர நெல்லைக் குவித்து வைத்தாலும் அப்படியே. ஐம்பதாயிரம் டன் சரக்கை ஏற்றிய கப்பலில் நிகழ்வதும் இதுவே, அளவில்தான் வேறுபாடு. (இக்கட்டுரையில் டிகிரி என்பது சென்டிகிரேடு அளவையே குறிக்கும்.)

எரியெண்ணெயைச் சூடாக்குவது ஏன்?

பெரிய கப்பல்களின் எஞ்சின்கள் பெரும்பாலும் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் எஞ்சும் கனத்த எண்ணெயை எரிக்கின்றன. ஃபர்னஸ் எண்ணெய் என்று நாம் வழங்குவது இவ்வகையைச் சேர்ந்ததே. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பலில் இத்தகைய எண்ணெய் ஏறத்தாழ 367 டன் இருந்ததாக அரசு அறிவித்தது. இது சாதாரண உஷ்ணநிலையில் தார்போலத் தடித்து நிற்கும், குளிரில் இறுகிப்போகும். பம்பு இதனை இழுத்துத் தள்ள வேண்டுமாயின், தொட்டியிலேயே இதனை 40 முதல் 50 டிகிரி வரை சூடாக வைத்திருக்க வேண்டும். பின்னர் எஞ்சின் அறையில் உள்ள தொட்டிகளில் இன்னும் கூடுதலாகச் சூடேற்றுவார்கள். இதற்காகத் தொட்டிகளுக்குள் நீராவி செல்லும் சுருள்குழாய்கள் அமைந்துள்ளன. குழாயில் ஓடும் நீராவியின் சூடு பல கப்பல்களில் 150 டிகிரிக்கும் மேற்பட்டது. எனவே எண்ணெய் சராசரியாக 45 டிகிரியில் இருந்தாலும், குழாய் தகட்டை நெருங்கிச் செல்லும் இடங்களில் சூடு மிகுந்திருக்கக் கூடும்.

இத்தொட்டிகள் அமைந்திருக்கும் இடம்தான் வழக்கின் வேர். பழைய முறையில் கட்டிய சரக்குக் கப்பல்களில் எண்ணெய்த் தொட்டிகள் பெரும்பாலும் சரக்கறையின் அடியிலுள்ள இரட்டை அடித்தளத்தில் இருந்தன. தொட்டியின் மேல்தகடே சரக்கறையின் தரையாகும். கப்பல் மோதி உடைந்தால் எண்ணெய் கடலில் கலவாதிருக்க வேண்டும் என்ற கருத்தால், 2010 ஆகஸ்டு 1 முதல் ஒப்படைக்கப்படும் பெரிய கப்பல்களில், மொத்த எரியெண்ணெய்க் கொள்ளளவு 600 கன மீட்டரோ அதற்கு மேலோ இருப்பின், தொட்டிகளை வெளித்தகட்டை ஒட்டி வைக்கலாகாது என்று சர்வதேச விதி ஏற்பட்டது. அதன் பயனாகப் பல கப்பல்களில் தொட்டி உட்புறம் நகர்ந்து, சரக்கறையின் பக்கச்சுவரையோ குறுக்குத் தடுப்பையோ அணைத்து நிற்கின்றது. கடல் காப்பாற்றப்பட்டது, சரக்கோ சூட்டுக்கு அண்டை வீட்டாராகிவிட்டது.

இதனோடு இன்னொரு மாற்றமும் சேர்ந்தது. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரியெண்ணெயில் கந்தகம் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் இருத்தல் ஆகாது என்ற விதி உலகெங்கும் நடைமுறைக்கு வந்தது. இவ்விதிக்காகக் கலந்து தயாரிக்கப்படும் எண்ணெய்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. சிலவற்றில் மெழுகுப் பொருள் மிகுந்திருப்பதால் அவை எளிதில் இறுகுகின்றன. ஆகவே, எண்ணெய் மாறும்போது சூடாக்க வேண்டிய அளவும் மாறுகின்றது. இன்ன கப்பலில் இன்ன அளவே சூடு இருந்திருக்கும் என்று பொதுப்படக் கூறாமல், ஒவ்வொரு பயணத்தையும் தனித்தனியே ஆராய வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரக்கின் உள்ளே பிறக்கும் வெப்பம்

தானியமும் எண்ணெய் வித்தும் அறுவடைக்குப் பின்னரும் உயிருள்ளவையே. அவை சுவாசிக்கின்றன, சுவாசத்தில் வெப்பம், கரியமில வாயு, நீராவி ஆகியவை உண்டாகின்றன. ஆயினும், குவியலில் பெருவெப்பத்தை உண்டாக்குபவை விதைகளைக் காட்டிலும் அவற்றின்மேல் வாழும் பூசணங்களும் பாக்டீரியங்களுமே. ஈரம் குறைவாக இருக்கும்வரை இவை உறங்கிக்கிடக்கும். சோயா மொச்சையில் ஈரம் நூற்றுக்கு 13 பங்கைத் தாண்டினால் நெடுநாள் சேமிப்பு ஆபத்துக்கு உள்ளாகின்றது. பூசணம் விழித்து வளர்கின்றது. வளரும்போது தானும் ஈரத்தை வெளியிடுகின்றது. அந்த ஈரம் மேலும் பூசணத்தை வளர்க்கின்றது. கடனுக்கு வட்டியும் வட்டிக்கு வட்டியும் ஏறுவதுபோல் இது தன்னையே பெருக்கிக்கொள்ளும். வெப்பம் விரும்பும் நுண்ணுயிர்கள் உஷ்ணநிலையை 55, 60 டிகிரிக்கும் மேலே கொண்டு செல்ல வல்லவை. அதற்கு மேல் அவையே மடிந்துபோகும். எனினும், எண்ணெய் நிறைந்த சரக்குகளில் பிராணவாயு எண்ணெயோடு சேரும் ரசாயன வினை அந்த இடத்திலிருந்து தொடர்ந்து, சரக்கு கருகவும் தீப்பற்றவும் கூடும்.

கொப்பரை இத்தகைய பொருள்களில் ஒன்று. தானாகச் சூடேறும் சரக்குகளின் வரிசையில் 1363 என்ற ஐக்கிய நாடுகள் எண் அதற்கு வழங்கப்பட்டிருக்கிறது. பச்சைத் தேங்காய்ப் பருப்பில் ஏறத்தாழப் பாதி நீரே. நன்கு உலர்ந்த கொப்பரையில் அது நூற்றுக்கு ஆறு பங்கு அளவுக்கு இறங்கிவிட வேண்டும். லட்சத்தீவுகளிலிருந்து கரைக்குக் கொப்பரை கொணரும் வணிகர்களும், தேங்காய் எண்ணெய் ஆலையினரும் உலர்த்துவதில் இத்துணைக் கண்டிப்புக் காட்டுவதன் காரணம் இதுவே.

வெப்பம் எவ்வளவு தூரம் செல்லும்?

எண்ணெய்த் தொட்டியின் சூடு சரக்கினுள் எவ்வளவு தூரம் புகும் என்பது, இவ்வாராய்ச்சியில் மிகவும் பயன் தரும் கேள்வி. இதற்குப் பௌதிகம் தெளிவான விடை தருகின்றது. தானியக் குவியல் வெப்பத்தை மிகவும் மெதுவாகவே கடத்தும். மணிகளுக்கு இடையில் அடைபட்ட காற்று கம்பளியில் உள்ள காற்றைப்போல் வெப்பத்தைத் தடுக்கின்றது. மேலும், வெப்பம் செல்லும் தூரம் காலத்தோடு நேர்விகிதத்தில் வளர்வதில்லை. காலத்தின் வர்க்கமூலத்தையே பின்பற்றி வளர்கின்றது. நான்கு மடங்கு நாள் கடந்தால்தான் தூரம் இரு மடங்காகும்.

தானியங்களுக்கு உரிய சராசரி அளவுகளைக்கொண்டு கணக்கிட்டால் பின்வரும் எளிய வாய்பாடு கிடைக்கின்றது. தகடு ஓயாது சூடாக இருப்பின், தகட்டுக்கும் சரக்குக்கும் உள்ள உஷ்ண வேறுபாட்டில் பாதியளவு, ஒரு நாளில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் ஆழத்தையும், நான்கு நாளில் 20 சென்டிமீட்டர் ஆழத்தையும், முப்பது நாளில் 50 சென்டிமீட்டர் ஆழத்தையும் எட்டும். சரக்கு 30 டிகிரியிலும் தகடு 50 டிகிரியிலும் இருப்பதாகக் கொள்வோம். முப்பது நாள் கழிந்தபின் தகட்டிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் உஷ்ணநிலை 40 டிகிரியை நெருங்கும். ஒரு மீட்டரில் அது 33 டிகிரிதான். ஒன்றரை மீட்டரில் ஒரு டிகிரி ஏற்றமும் தெரியாது.

இந்தக் கணக்கு எதற்குப் பயன்படும்? தொட்டியின் மேல்தகடு 25 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உடையது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் ஒரு மீட்டர் உயரம் வரை சரக்கு முழுதும் கெட்டதாகவே கருதினாலும், அதன் கன அளவு 500 கன மீட்டர். சோயாவாயின் எடை சுமார் 375 டன். நட்டக் கணக்கில் 5,000 டன் கெட்டதாகக் காட்டப்படுமாயின், எஞ்சிய 4,600 டன்னுக்கு மேற்பட்ட சரக்கைக் கெடுத்தது தொட்டியின் சூடு என்று அவ்வளவு எளிதில் கூறிவிட முடியாது. வேறு காரணத்தைத் தேடியே ஆகவேண்டும். அதுபோலவே, சேதம் முழுதும் தகட்டை ஒட்டிய அரை மீட்டர் அடுக்கில் அடங்கியிருக்கையில், சரக்கு தானாகப் புழுங்கியது என்று கப்பல்காரர் கூறுவதும் எடுபடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். வெப்பம் தனியே பயணம் செய்வதில்லை. சூடான பகுதியிலுள்ள ஈரம் ஆவியாகிக் குளிர்ந்த பகுதிக்கு நகர்ந்து அங்கே தங்கும். தகட்டை ஒட்டிய மணிகள் வறண்டு பழுப்பேற, அவற்றுக்கு அப்பாலுள்ள அடுக்கு நனைந்து பூசணம் பிடிக்கலாம். ஆகவே, சேதத்தின் எல்லை வெப்பத்தின் எல்லையைச் சிறிது கடந்திருக்கக் கூடும். ஆனால் அது தகட்டின் வடிவத்தைவிட்டு விலகி நெடுந்தூரம் செல்வதில்லை.

சேதத்தின் வடிவம்

மருத்துவர் நோயை அதன் குறிகளால் அறிவதுபோல, சர்வேயர் சேதத்தின் காரணத்தை அதன் வடிவத்தால் அறிகிறார்.

தொட்டியின் சூட்டால் நேரும் சேதம் படலம்போல் பரந்து, தகட்டின் அமைப்பை அப்படியே பின்பற்றும். தொட்டி முடியும் கோட்டில் சேதமும் முடியும். நிறமாற்றம் தகட்டருகே மிகுந்து, விலக விலகப் படிப்படியாகக் குறையும். சில வேளைகளில் சுருள்குழாய் சென்ற வழியே கறுத்த பட்டைகள் தெரியும். தகட்டை ஒட்டிய மணிகள் வறண்டிருக்கும்.

சரக்கு தானாகப் புழுங்கியதால் நேரும் சேதம் குவியலின் உட்புறத்தில் தொடங்கும். வெப்பம் வெளியேற வழியற்ற நடுப்பகுதியே அதன் இருப்பிடம். ஈரமான லாரிகளிலிருந்து கொட்டிய சரக்கு எங்கு விழுந்ததோ அங்கே திட்டுத் திட்டாகவும் அது தோன்றும். கட்டி, பூசண மணம், உளுத்த நெடி ஆகியவை உடனிருக்கும். தொட்டிக்குத் தொடர்பே இல்லாத சரக்கறையிலும் அதே சேதம் காணப்படும்.

இக்கடைசிக் குறி மிக முக்கியமானது. விஞ்ஞானப் பரிசோதனையில் ஒப்புநோக்கும் பொருட்டு ஒரு மாதிரியைத் தனியே வைத்திருப்போம் அல்லவா? கப்பலும் அதேபோன்ற வசதியைத் தானாகவே அளிக்கின்றது. ஒரே வயல்களிலிருந்து, ஒரே வாரத்தில், ஒரே துறைமுகத்தில் ஏற்றிய சரக்கு பல அறைகளில் இருக்கின்றது. அவற்றில் சில அறைகளின் அருகே சூடான தொட்டி உண்டு. சிலவற்றின் அருகே இல்லை. சூடான தொட்டி உள்ள அறைகளில் மட்டும், அதுவும் தொட்டியை ஒட்டி மட்டும் சேதம் இருந்தால் ஐயம் தொட்டியின்மேல் விழும். எல்லா அறைகளிலும் இருந்தால் ஐயம் சரக்கின்மேல் விழும்.

ஆய்வுக்கூடமும் துணைபுரிகின்றது. மாதிரியின் ஈரம், எண்ணெயிலுள்ள தனிக் கொழுப்பமிலம், பூசண அளவு, புரதத்தின் கரையுந்தன்மை ஆகியவை அளக்கப்படும். வறட்டுச் சூட்டால் புரதத்தின் கரையுந்தன்மை குறையும். பூசணத்தால் கொழுப்பமிலம் ஏறும். ஆனால் எந்த ஒரு தனி அளவும் தீர்ப்பாகிவிடாது. மாதிரி எந்த அறையில், தகட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில், எவ்வளவு ஆழத்தில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு இல்லையாயின், ஆய்வுக்கூடத்து எண்கள் விலாசமற்ற கடிதங்களே.

கப்பலின் ஏடுகள்

சரக்கைப் பார்த்தபின் ஏடுகளைப் பார்க்க வேண்டும். எந்தத் தொட்டியில் எந்த நாளில் எவ்வளவு எண்ணெய் இருந்தது, அதன் உஷ்ணநிலை என்ன, நீராவி எப்போது திறக்கப்பட்டது, எந்தத் தொட்டியின் எண்ணெய் எப்போது எரிக்கப்பட்டது ஆகியவை எஞ்சின் அறைக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். எண்ணெய் வாங்கியபோது கிடைத்த சீட்டும் அதன் சோதனை அறிக்கையும், எவ்வளவு சூடு உண்மையில் தேவைப்பட்டது என்பதைக் காட்டும். முப்பது டிகிரியில் தாராளமாக ஓடும் எண்ணெயை அறுபது டிகிரிக்குச் சூடாக்கியிருந்தால் அதற்கு விளக்கம் கேட்கப்படும். பயணத்தின் கடைசி ஐந்து நாளில்தான் நீராவி திறக்கப்பட்டது என்றால், 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் காணப்படும் கருகலுக்கு அது காரணமாதல் அரிது. தொட்டியில் எண்ணெய் கால் பங்கே இருந்ததாயின், எண்ணெய்க்கும் மேல்தகட்டுக்கும் இடையே காற்று இருந்திருக்கும்; அப்போது மேல்தகடு எண்ணெயின் அளவுக்குச் சூடேறியிராது. இப்படி ஒவ்வொரு பதிவும் வெப்பக் கணக்கோடு ஒத்துப் பார்க்கப்படும்.

மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. அதுவே வியர்வை எனப்படும் நீர்க்கோப்பு. வெப்பநாட்டிலிருந்து குளிர்நாட்டுக்குக் கப்பல் செல்லும்போது, சரக்கிலிருந்து எழும் ஆவி குளிர்ந்த மேல்தகட்டில் படிந்து துளித்துளியாக விழும். இதனைத் தவிர்க்கவே, வெளிக்காற்றின் உஷ்ணநிலை சரக்கை ஏற்றியபோதிருந்த உஷ்ணநிலையைவிடக் குறைந்தது மூன்று டிகிரி தாழ்ந்திருந்தால் மட்டும் காற்றோட்டம் விடுவது என்ற வழக்கம் மாலுமிகளிடையே உள்ளது. கல்கத்தாவிலிருந்து ராட்டர்டாம் நகருக்குச் சென்ற தோல் கையுறைகள் இவ்வாறு நனைந்து கெட்ட வழக்கு ஒன்று 1990-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முடிவாயிற்று. கூரையிலிருந்து சொட்டிய நீர் கையுறைகளிலிருந்தே புறப்பட்ட ஈரம் என்பதால், அது வெளியிலிருந்து வந்த விபத்தன்று, சரக்கின் இயல்புக் குறையே என்று நீதிமன்றம் கூறியது. நீர் மேலிருந்து விழுந்தது கண்ணுக்குத் தெரிந்தது. அது எங்கிருந்து புறப்பட்டது என்பதே வழக்கைத் தீர்த்தது.

இரண்டு தீர்ப்புகள் கூறும் பாடம்

இந்தோனேசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கார்ஃபூ ஐலண்டு என்ற கப்பலில் சென்ற சோயா மொச்சை சூடேறிக் கெட்ட நிலையில் போய்ச் சேர்ந்தது. இன்சூரன்ஸ் பற்றிய அவ்வழக்கு 1983-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வரை சென்றது. ஈரம் நூற்றுக்கு 12 பங்குக்குக் கீழிருந்தால் அத்தகைய பயணத்தில் சூடேறும் ஆபத்து இல்லை. 14 பங்குக்கு மேலிருந்தால் சூடேறியே தீரும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சரக்கு சூடேறினாலும் ஏறலாம், ஏறாமலும் போகலாம் என்பது அவ்வழக்கில் கண்டறிந்த உண்மை. கெட்ட சரக்கு அந்த இடைப்பட்ட நிலையிலேயே இருந்தது. இரண்டு பங்கு ஈரத்தில் எத்தனை பெரிய வழக்கு அடங்கியிருக்கிறது என்பதைக் களப் பணியாளர் நினைவில் இருத்தல் நன்று.

மற்றொரு வழக்கு எண்ணெய்த் தொட்டியையே நேரடியாகத் தொடுகின்றது. 1998 டிசம்பர் 30 அன்று அக்கன்காகுவா என்ற கன்டெயினர் கப்பலின் மூன்றாம் சரக்கறையில் கால்சியம் ஹைபோகுளோரைட் வைத்திருந்த கன்டெயினர் ஒன்று வெடித்துத் தீப்பிடித்தது. நீரைச் சுத்திகரிக்கப் பயன்படும் இப்பொருள் கொரியாவின் பூசான் துறைமுகத்தில் ஏற்றப்பட்டுச் சிலி நாட்டுக்குச் சென்றுகொண்டிருந்தது. கன்டெயினரை எரியெண்ணெய்த் தொட்டிக்கு அருகில் வைத்திருந்தார்கள்; பயணத்தின்போது தொட்டி சூடாக்கப்பட்டது. மேலோட்டமாகப் பார்ப்பவர் தொட்டியே குற்றவாளி என்று உடனே முடிவு கட்டியிருப்பார். 2009-இல் இங்கிலாந்து நீதிமன்றம் ரசாயன நிபுணர்களின் சாட்சியங்களை ஆராய்ந்து வேறு முடிவுக்கு வந்தது. இயல்பான தரமுள்ள பொருளாயின் அவ்வளவு சூட்டில் வெடித்திராது. அனுப்பப்பட்ட சரக்கு வழக்கத்துக்கு மாறாக நிலையற்றதாக இருந்தது என்று கண்டு, அனுப்பியவரைப் பொறுப்பாக்கியது. தொட்டியைச் சூடாக்கியது தவறாகவே இருப்பினும், அது கப்பலை நடத்தும் செயலில் நேர்ந்த தவறு என்றும், கடல்வழிச் சரக்கு விதிகள் அத்தகைய தவறுக்கு விலக்கு அளிக்கின்றன என்றும் முடிவாயிற்று. 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது.

இதனால் தொட்டியருகே எதையும் வைக்கலாம் என்று பொருளாகாது. அபாயச் சரக்குகள் பற்றிய சர்வதேச விதி, வெப்பத்திலிருந்து காக்கப்பட வேண்டிய பொருள்களை, 55 டிகிரிக்கு மேல் சூடேறக் கூடிய கப்பல் பாகங்களிலிருந்து குறைந்தது 2.4 மீட்டர் விலக்கி வைக்கும்படி கட்டளையிடுகின்றது. அத்தகைய பாகங்களுக்கு அது கூறும் எடுத்துக்காட்டுகளில் சூடாக்கப்பட்ட எரியெண்ணெய்த் தொட்டியின் சுவரும் ஒன்று. முன்னே கண்ட வெப்பக் கணக்கை எண்ணிப் பார்த்தால் இந்தத் தூரம் போதிய காப்பு அளிப்பது விளங்கும்.

இரு வழக்குகளும் ஒரு நுட்பத்தைப் புலப்படுத்துகின்றன. வெப்பம் அருகில் இருந்தது என்பது வேறு. வெப்பமே கெடுத்தது என்பது வேறு. 13 பங்கு ஈரமுள்ள சோயா, தொட்டியின் இளஞ்சூட்டால் உசுப்பப்பட்டுப் பின்னர்த் தானாகவே சூடேறிக்கொண்டு போகவும் கூடும். அந்நிலையில் இரண்டுக்கும் பங்கு உண்டு. நேர்மையான மதிப்பீட்டாளர் அப்பங்குகளைத் தம்மால் இயன்ற அளவு பிரித்துக் காட்டுவாரேயன்றி, தம்மை அமர்த்தியவருக்கு உகந்த பக்கத்தைமட்டும் எழுதமாட்டார்.

நம் கரையில்

கொல்லத்து முந்திரித் தொழில் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வரும் கொட்டையை நெடுங்காலமாக நம்பியிருக்கிறது. கொட்டை கெட்டால் இழப்பு இறக்குமதியாளருடையது மட்டுமன்று. கொட்டையை உடைத்துத் தோலுரிக்கும் ஆயிரக்கணக்கான பெண்களின் வேலைநாளும் குறைகின்றது. ஏற்றுமதி செய்யும் நம் உழவர் நிலையும் அதுவே. ஈரச் சரக்கு என்ற பெயர் ஒருமுறை ஏற்பட்டுவிட்டால், அடுத்த பருவத்தில் விலை பேசும்போது அது முன்னே வந்து நிற்கும். உண்மையில் கெடுத்தது தொட்டியாக இருந்து, பழி உலர்த்தியவர்மேல் விழுந்தால் அது அநீதி. கெடுத்தது ஈரமாக இருந்து, பழி கப்பலின்மேல் விழுந்தால், உலர்த்தும் முறை திருந்தாமல் அடுத்த ஆண்டும் அதே சேதம் நேரும்.

சட்டமும் காலத்தாழ்வை மன்னிப்பதில்லை. இந்தியத் துறைமுகங்களிலிருந்து கடல்வழிச் செல்லும் சரக்குக்கு 1925-ஆம் ஆண்டுச் சட்டம் நூறாண்டுக் காலம் வழங்கியது. 2025-இல் அதே விதிகளைப் பெரும்பாலும் தழுவிய புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. வெளிப்படையாகத் தெரியாத சேதத்தைச் சரக்கைப் பெற்ற மூன்று நாளுக்குள் எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். வழக்கை ஓராண்டுக்குள் தொடுத்தல் வேண்டும். சேதம் நேர்ந்ததாக ஐயம் எழுந்தால், சரக்கைச் சோதித்துப் பார்க்க இருதரப்பாரும் ஒருவருக்கொருவர் வசதி அளித்தல் வேண்டும்.

களப் பணியாளருக்கு

கப்பலாயினும், கிட்டங்கியாயினும், கிராமத்துப் பத்தாயமாயினும், சூடேறிய சரக்கைக் காணும்போது செய்ய வேண்டுவன ஒன்றே. முதலாவதாக, எதையும் கிளறுவதற்கு முன் அளக்க வேண்டும். வாளியோ மண்வெட்டியோ ஒருமுறை இறங்கிவிட்டால் நல்லதும் கெட்டதும் கலந்து, சேதத்தின் வடிவம் அழிந்துபோகும். கெட்ட சரக்கின் அளவும் கலப்பினால் பெருகிவிடும். இரண்டாவதாக, நீண்ட கம்பி வெப்பமானியைப் பல இடங்களில், பல ஆழங்களில் செலுத்தி எண்களை ஒரு வரைபடத்தில் குறிக்க வேண்டும். கையால் தொட்டுச் சூடு என்று எழுதுதல் சான்றாகாது. மூன்றாவதாக, கெட்ட இடத்தில் மட்டுமன்றி நல்ல இடத்திலும் மாதிரி எடுக்க வேண்டும். ஒப்பிட ஒன்று இல்லாத மாதிரி பாதி மாதிரியே. ஈரம் ஆவியாகாதவாறு அதனைக் காற்றுப் புகாத கொள்கலத்தில் அடைத்து, இடம், ஆழம், நாள், நேரம் ஆகியவற்றை எழுதி, இருதரப்பாரும் பார்க்க முத்திரையிடுதல் நலம். நான்காவதாக, அருகிலுள்ள வெப்ப மூலங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். கப்பலில் எண்ணெய்த் தொட்டி. கிட்டங்கியில் மேற்கு வெயில் தாக்கும் தகரச் சுவர். கடைசியாக, கெட்டதைத் தனியே பிரித்து இறக்க வேண்டும்.

பள்ளியில் செய்து பார்க்க

ஆசிரியர்கள் இப்பொருளை இரண்டு எளிய பரிசோதனைகளால் விளக்கலாம். முளைவிட்ட பயற்றை ஒரு தெர்மாஸ் குடுவையிலும், வேகவைத்து ஆறிய பயற்றைக் கிருமிநாசினியில் அலசி மற்றொரு குடுவையிலும் இடுக. ஒவ்வொன்றிலும் ஒரு வெப்பமானியைச் செருகி, வாயைப் பஞ்சால் அடைத்து, மூன்று நாள் உஷ்ணநிலையைக் குறித்து வருக. உயிருள்ள பயறு சூடேறும், உயிரற்றது சூடேறாது. மூன்றாவது குடுவை ஒன்றில், வேகவைத்த பயற்றைக் கிருமிநாசினியின்றி இட்டு வைத்தால், சில நாளில் அதுவும் சூடேறக் காணலாம். அந்தச் சூடு பயற்றினுடையதன்று, அதன்மேல் வாழும் நுண்ணுயிர்களுடையது என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர்.

அடுத்தது வெப்பத்தின் மெதுநடை. உலர்ந்த நெல் நிறைந்த ஒரு தகரப் பெட்டியின் பக்கச்சுவரோடு ஒட்டி வெந்நீர்ப் பாத்திரத்தை வைத்து, நீர் ஆறாதபடி அடிக்கடி மாற்றி வருக. சுவரிலிருந்து 2, 4, 8 சென்டிமீட்டர் தூரங்களில் மூன்று வெப்பமானிகளைச் செருகுக. உஷ்ண ஏற்றத்தில் பாதி, முதல் வெப்பமானியில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலும், இரண்டாவதில் நான்கரை மணி நேரத்திலும் தெரியும். மூன்றாவதற்குப் பள்ளி நேரம் போதாது. தூரம் இரட்டிக்கக் காலம் நான்கு மடங்காவதை மாணவர்கள் தம் கண்ணாலேயே காண்பார்கள்.

அறியப்பட்ட இவ்விதிகளில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அவை பயன்படுவது சரக்கு கலையாமல் இருக்கும் அந்தச் சில மணி நேரத்தில்தான். அப்போது ஒரு வெப்பமானியும், ஓர் அளவுகோலும், ஒரு குறிப்பேடும் கையில் உள்ளவர் அங்கே இருப்பாராயின், பின்னர் ஆண்டுக்கணக்கில் நடக்கும் வாதத்துக்கு அவர் எழுதிய ஒரு பக்கம் விடையாகும்.